வெடியில் ஒட்டிய இளவரசி

பாண்டிலட்சுமியின் நாவல்களில் கதாநாயகி சாகவே மாட்டாள். மலையுச்சியிலிருந்து தள்ளிவிடுவார்கள், விஷம் வைப்பார்கள், அரண்மனையோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். கடைசி அத்தியாயத்தில் பாண்டிய இளவரசி செழியநங்கை குங்குமம்கூடக் கலையாமல் குதிரையில் வந்து இறங்குவாள், காதலனும் கண்கலங்கிக் காத்திருப்பான். விமர்சகர்களுக்கு இது பெரிய கேலி. வாசகிகள் அவர்களைச் சட்டை செய்யவில்லை. விருதுநகர் புத்தகக் கண்காட்சியில் அவளிடம் கையெழுத்து வாங்க நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது.

அந்தச் செழியநங்கை உண்மையில் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அவள் பாண்டிலட்சுமியின் தங்கை யோகலட்சுமி.

அக்கா கல்லூரிக்குப் போகட்டும் என்று படிப்பை விட்டுவிட்டு, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். ஒரு மத்தியானம் அந்தக் கம்பெனி வெடித்தது. துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பிரிக்கக் கூடாது என்றுவிட்டார்கள். கடைசியாக ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்க அக்காவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. என்ன கொடுமை இது!

அழுகைகூட வராமல் பித்துப் பிடித்தவளாகக் கிடந்த பாண்டிலட்சுமி, ஒருநாள் செல்போனில் கதை எழுதத் தொடங்கினாள். அது தொடராக வந்து, புத்தகமாகி, சக்கைப்போடு போட்டது. சிவகாசிக்குக் குடிவந்தாள். தங்கை பேச்சை யாரிடமும் எடுக்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே புகைப்படத்தை அச்சகத்தில் கொடுத்து, இதே சாடையில் இளவரசியை வரையச் சொன்னாள். யார் இந்தப் பெண் என்று கேட்டதற்கு, எங்கேயோ கிடைத்த படம் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் யோகலட்சுமி பட்டுடுத்திச் சிரித்தாள்.

சிவகாசி அச்சகங்களில் நாவல் அட்டையும் அடிப்பார்கள், வெடி லேபிளும் அடிப்பார்கள். ஒருவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டுமா, அவர் படத்தை வெடியில் போட வேண்டும். அவள் நாவல்களுக்கு அட்டை அடிக்கும் அச்சகத்தின் முதலாளி நவநீதகிருஷ்ணனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை தெரியாது. தீபாவளி சீசனில் ஒருநாள் பாண்டிலட்சுமியை அவசரமாக வரச்சொன்னார். வந்தவளின் கையில், வாயெல்லாம் பல்லாக, ஒரு பெட்டியைக் கொடுத்தார்.

“பிரிங்க ரைட்டரம்மா. மொத பெட்டி உங்களுக்குத்தான்.”

செழியநங்கை அணுகுண்டு. பெட்டிமேல் யோகலட்சுமி சிரித்தாள். உள்ளே ஒவ்வொரு வெடியிலும் அவள் முகம். ஒவ்வொரு முகத்தின் தலைமாட்டிலும் ஒரு திரி.

பாண்டிலட்சுமிக்குப் பெட்டியைக் கீழே போடவும் தெரியவில்லை, பிடித்துக்கொள்ளவும் தெரியவில்லை.

“என்ன, மலைச்சுப்போய் நிக்கீக? வடக்க இருந்து எம்புட்டு ஆர்டர் தெரியுமா? காலையிலயே லோடு ஏறிருச்சு. அங்கன பாருங்க, நம்மகிட்ட லேபிள் அடிக்கிற பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் முனியராஜ் ஒண்ணு வச்சுக் காட்டப் போறாரு.”

எதிரே காலி மனையில் முனியராஜ் ஊதுபத்தியோடு குனிந்துகொண்டிருந்தார்.

“வேணாம் அண்ணாச்சி, வேணாம்! அது எந்தங்கச்சி. பட்டாசுக் கம்பெனியில வெடிச்சு செத்துப்போன எந்தங்கச்சி!”

நவநீதகிருஷ்ணனின் முகம் வெளிறிவிட்டது.

“ஏலே முனியராஜ், வைக்காதலே!” என்று கத்திக்கொண்டே ஓடினார். முனியராஜ் அதற்குள் பற்றவைத்துவிட்டு எட்டிப் போயிருந்தார்.

வெடித்தது. தெருவே அதிர்ந்தது. பாண்டிலட்சுமி பெட்டியை மார்போடு அணைத்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். காகிதத் துணுக்குகள் அவள் மடியில் வந்து விழுந்தன.

நவநீதகிருஷ்ணன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள்.

“சொன்னா அவ செத்தது நெசமாயிருமே, அண்ணாச்சி.”