வினோஜாவுக்குக் கட்டவிருந்த மேடை

வினோஜா ஹொக்கி விளையாடுகிறாள் என்பது பாலைமுறிப்பில் எல்லாருக்கும் தெரியும். ஹொக்கி என்றால் என்ன என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. தடியும் பந்தும் இருக்கிறபடியால் அது எல்லேயில் ஒரு வகை என்று எங்கள் ஊர் தீர்மானித்து, அத்தோடு விசாரணையை மூடிவிட்டது. எல்லேயில் மூங்கில் தடியால் பந்தை ஓங்கி அடித்துவிட்டு ஓட வேண்டும். வினோஜா குனிந்தபடியே ஓடுவதைப் பார்த்தவர்கள், பிள்ளைக்கு இன்னும் அடிக்க வரவில்லை, பழகினால் நிமிர்ந்துவிடுவாள் என்று பொறுமையாக இருந்தார்கள்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் இறங்கி வாய்க்கால் கரையால் உள்ளே நடந்தால் எங்கள் குடியேற்றம் வரும். குளம், வயல், கோயில், கிராம அபிவிருத்திச் சங்கம், இவ்வளவுதான் ஊர். அவளுடைய அப்பா தில்லைநாதன் வயல்காரர். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதன்முதல் ஹொக்கித் தடி கொடுத்து விட்டபோது, அதன் நுனி வளைந்திருப்பதைக் கண்டு மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் பிள்ளை என்றபடியால்தானே பழுதான சாமானைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மண்வெட்டிப் பிடியை நிமிர்த்துவதுபோல நெருப்பில் வாட்டி, மேலே கல்லை ஏற்றி வைத்தார். தடி நிமிரவில்லை, வெடித்தது.

"இனியாவது பாத்து வாங்கு பிள்ளை. குடுக்கிறதை எல்லாம் வாங்கிக்கொண்டு வராதை" என்றார்.

வினோஜா "ஓம்" என்றாள். அவள் அதிகம் கதைக்கிறவள் இல்லை. ஓம், இல்லை, பாப்பம் என்ற மூன்று சொற்களோடு பள்ளிப் படிப்பையே முடித்தவள்.

அவளுக்கு விளையாட்டு வந்தது சங்கத்து நெல் காயவிடும் தளத்தில். பள்ளிக்கூட மைதானம் முழுவதும் மாட்டுக் குளம்பு பதிந்த குழி, பந்து தவளை மாதிரித் துள்ளும். சங்கத்துத் தளம் நல்ல சீமெந்து, பந்து நினைத்த இடத்துக்கு உருளும். பெரிய போட்டிகள் நடக்கிற செயற்கைப் புல் மைதானத்தில் பந்து எப்படி ஓடுமோ, கிட்டத்தட்ட அப்படியே இங்கேயும் ஓடுமாம். ஆனால் அறுவடைக் காலத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. நெல்லைப் பரப்பியும் கும்பியாகக் குவித்தும் வைத்திருப்பார்கள். நடுவில் இரஞ்சிதம் அக்கா கையில் விளக்குமாறோடு நிற்பா. ஒரு நெல்மணி சிதறினாலும் அவாவின் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அந்த வாய்க்குப் பயந்து, பந்தைத் தடியோடு ஒட்டியபடியே கும்பிகளுக்கிடையில் ஓடப் பழகினாள் வினோஜா. பின்னாளில் தேசிய அணிப் பயிற்றுநர், பந்தை இப்படி வைத்திருக்க யார் பழக்கியது என்று கேட்டாராம். "இரஞ்சிதம் அக்கா" என்றாளாம் இவள். அவர் அந்தப் பெயரில் ஒரு பயிற்றுநரைக் கொஞ்சக் காலம் தேடித் திரிந்ததாகக் கேள்வி.

போன வருடம் இலங்கைப் பெண்கள் அணி தெற்காசியக் கிண்ணம் ஒன்றை வென்றது. இறுதி ஆட்டத்தின் கடைசிக் கோல் வினோஜாவுடையது. ஊர் திக்குமுக்காடிப் போயிற்று. மாங்குளம் சந்தியிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றி, மேளதாளத்தோடு கொண்டுவந்தோம். வழியெல்லாம் பதாகை. அதை அச்சடித்த பெடியன் அவளுடைய படத்தில் தடி வளைந்திருப்பதைப் பிழை என்று நினைத்து, கணினியில் அழகாக நிமிர்த்திக் கொடுத்திருந்தான். அவள் தும்புத்தடியோடு வீடு கூட்டப் புறப்பட்டவள்போல நின்றாள். வரவேற்புரை சொன்னவர் "வலைப்பந்து ராணி" என்றார். நன்றியுரை சொன்னவர் அதைத் திருத்தி "எல்லே ராணி" என்றார். அந்தப் போட்டியில் என்ன நடந்தது என்று மட்டும் அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரமெங்கே, அத்தனை பொன்னாடை.

அதோடு விட்டிருக்கலாம். எங்களுக்கு விடத் தெரியாது. இந்த வருடம் சங்கக் கூட்டத்தில், வினோஜாவின் பெயரில் நிரந்தரமாக ஒன்று கட்ட வேண்டும் என்று பிரேரணை வந்தது. கூரை போட்ட விழா மேடை. எங்கே கட்டுவது? நெல் காயவிடும் தளத்தில். ஏற்கெனவே சீமெந்து போட்ட இடம், அத்திவாரத்தில் பாதி வேலை மிச்சம் என்று எல்லாரும் தலையாட்டினோம். பிரேரணையைக் கொண்டுவந்தவர் தில்லைநாதன்.

வினோஜாவுக்கு ஆடி மாதம் கொழும்பில் அடுத்த அணிக்கான தெரிவு இருந்தது. தளம் போனால் பயிற்சிக்கு வேறு இடம் இல்லை, பயிற்சி இல்லாவிட்டால் அணியில் இடம் இல்லை. அவள் சங்கத் தலைவி ஜெகதீஸ்வரியிடம் போனாள்.

"அக்கா, எனக்கு மேடை வேண்டாம். தளம் காணும்."

"உமக்குத்தானே பிள்ளை கட்டுறம்" என்றா ஜெகதீஸ்வரி, அன்பு ததும்ப. "நீர் பேசாமல் இரும். கௌரவிக்கப்படுறவை வேண்டாம் எண்டு சொல்லுறதுதான் முறை. நாங்கள் கேக்காமல் செய்யிறதும் முறைதான்."

அப்பாவிடம் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தாள். தில்லைநாதன் கதிரையில் இருந்து, மேடையின் நெற்றியில் அவளுடைய பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்று கைகளை விரித்து ராஜினிக்கு, அதுதான் தாய்க்கு, காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவளால் வாய் திறக்க முடியவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் முடிந்திருக்காது.

வைகாசிக் கடைசியில் அடிக்கல் நாட்டு விழா. ஐயர் பார்த்துச் சொன்ன சுபநேரம் பத்தே காலோடு முடிகிறது. பிரதம விருந்தினர் வினோஜாவேதான். தன் தளத்தைத் தானே உடைத்துத் தொடக்கிவைக்க வேண்டும். உடைப்பதற்கான இரும்பு அலவாங்குக்குச் சந்தனம் குங்குமம் பூசி, பட்டுத் துணி சுற்றிச் சாத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவள் பெயர் பொறித்த கறுப்புக் கல். அதற்கு முன்னால், "பிரதம விருந்தினர் ரெண்டு வார்த்தை" என்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். இரண்டு வார்த்தை முடிந்தது. நாங்கள் கைதட்டத் தயாரானோம். அவள் அலவாங்கைப் பார்த்தாள். ஐயரின் கைமணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஹொக்கியில ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர்" என்று தொடங்கினாள்.

பிறகு நிற்கவில்லை. பதினொரு பேரும் எங்கெங்கே நிற்பார்கள், காலில் பந்து பட்டால் ஏன் பிழை, தடியின் தட்டையான பக்கத்தால் மட்டும் ஏன் அடிக்கலாம், எல்லாம் வந்தது. "தடி வளைஞ்சிருக்கிறது பழுதில்லை. அது அப்பிடித்தான்" என்றாள். தில்லைநாதன் குனிந்து சேட்டுப் பொத்தானைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினா. ஆனால் பிரதம விருந்தினரை இடையில் நிறுத்துகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் பல விழாக்களில் மயங்கி விழுந்திருக்கமாட்டார்கள்.

பத்து மணிபோல அவளுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் குடித்தாள், இன்னொரு மிடறு குடித்தாள். போத்தல் முடிந்தது. ஜெகதீஸ்வரி அலவாங்கைத் தூக்கிக்கொண்டு கிட்ட வந்தா.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இரஞ்சிதம் அக்கா எழும்பினா. தளம் போனால் ஆவணி அறுவடைக்கு நெல்லை றோட்டில்தான் பரப்ப வேண்டும், பஸ்சுக்கும் மாட்டுக்கும் நடுவில். அது அவாவுக்கு அந்த நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும்.

"பிள்ளை, எனக்கொரு சந்தேகம். காலில பந்து பட்டாப் பிழையெண்டு சொன்னீர். வேணுமெண்டு படேல்லை எண்டால்?"

வினோஜா அவாவைப் பார்த்தாள். பிறகு பதில் சொன்னாள், விரிவாக. அது முடிய நிசாந்தினி எழும்பினாள், பந்து என்ன பாரம் என்று. மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று இன்னொருத்தி. கோல் காப்பவர் மட்டும் ஏன் அவ்வளவு உடுப்பு என்று இன்னொருத்தி. சங்கக் கூட்டத்தில் கையெழுத்து வைக்கும்போதுகூட வாய் திறக்காத பெண்கள் எல்லாம் வரிசையில் நின்று சந்தேகம் கேட்டார்கள்.

ஐயர் தர்ப்பையைச் சுருட்டினார். "நேரம் போட்டுது. இனிக் கல் வைக்கேலாது."

"அப்ப அடுத்த கிழமை?" என்றா ஜெகதீஸ்வரி.

"ஆனி பிறக்குது, அதிலை அத்திவாரம் போடக்கூடாது. ஆடியும் சரிவராது. ஆவணியில வைக்கலாம்."

"ஆவணியில நெல்லுக் காயும்" என்றா இரஞ்சிதம் அக்கா.

"புரட்டாதி கூடாது. ஐப்பசியில மழை" என்று ஐயரே தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போய் மார்கழியில் நின்றார்.

அப்போது தில்லைநாதன் எழும்பினார். மனிதர் மாதக்கணக்காக இந்த நாளுக்குக் காத்திருந்தவர். வினோஜா ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"பிள்ளை" என்றார். "அந்தக் கடைசிக் கோலை எப்பிடிப் போட்டனீ?"

வினோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னை ஏற்றிவந்த காரில் கிடந்த தடியையும் பந்தையும் எடுத்துவரச் சொன்னாள். கதிரைகளைக் கரைக்குத் தள்ளினோம். இரண்டு நிறைகுடங்களைக் கோல் கம்பங்களாக வைத்தோம். எதிரணிக்காரர் நின்ற இடங்களில் பெண்களை நிற்கவிட்டாள். பொன்னாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தளத்தின் அந்தத் தொங்கலிலிருந்து குனிந்து ஓடி வந்தாள். நிசாந்தினியைத் தாண்டி, இரஞ்சிதம் அக்காவைச் சுற்றி, கடைசியில் ஒரு தட்டு. பந்து குடங்களுக்கு நடுவால் போய் ஐயரின் பூசைச் சாமான் பெட்டியில் முட்டியது. ஐயர் தேங்காயை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

ஒருவரும் கைதட்டவில்லை, முடிந்துவிட்டதா என்று தெரியாமல்.

"இதுதான் கோலோ?" என்றார் தில்லைநாதன்.

"ஓம் அப்பா."

"இதுக்கு இவ்வளவு இடமும் வேணும், என்ன?"

"ஓம்."

அவர் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அதிலிருந்த மகளின் பெயரை விரலால் ஒருதரம் தடவினார். பிறகு பக்கத்தில் நின்ற பெடியன் செந்தூரனை மறுபக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கினார். சீமெந்து முடிகிற இடத்தில் இறக்கி, கொஞ்சம் யோசித்து, மறுபடி தூக்கி, மண்ணில் இன்னும் பத்தடி தள்ளிக் கொண்டுபோனார்.

"இஞ்சை நடுவம்" என்றார். "இஞ்சாலை பந்து வராது."