பள்ளிக்கூட நிலைக்கு மஞ்சள்

எங்கள் அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் லேசில் விடமாட்டாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு வாடகை வீட்டில் கன்னியாஸ்திரீகள் வந்து குடியேறியபோது அவளுக்கு வந்த சந்தேகம் இது: இத்தனை பேருக்கும் புருஷன் எப்படி ஒன்றாகச் செத்தான்? வெள்ளை உடுப்பு, வெறும் நெற்றி, தலையில் பூ கிடையாது, கழுத்தில் சிலுவை உண்டு, தாலி இல்லை. வேறு என்னவென்று நினைப்பாள்? அத்தையும் வெள்ளைச் சேலைக்காரிதான். நான் பிறப்பதற்கு முன்பே மாமா போய்விட்டார்; அவள் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். ஏதோ கப்பல் முங்கியிருக்கும் என்று அவளாகவே முடிவுகட்டி, சில நாள் அவர்களுக்காக வருத்தப்பட்டாள். அவர்கள் கல்யாணமே ஆகாதவர்கள் என்று அப்பா விளக்கிச் சொன்ன பிறகு வருத்தம் இன்னும் கூடிவிட்டது.

ஊருக்கும் அத்தைக்கு முதலில் வந்த நினைப்புத்தான். ஆனால் ஊர் வருத்தப்படவில்லை, விலகி நடந்தது. அவர்களுக்குத் தலைவியான பெரிய மதர் எதிரே வந்தால், வெளியே கிளம்பினவர்கள் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். இப்படிப்பட்டவர்கள் முகத்தில் தினமும் விழிக்க யார் பெண்பிள்ளையை அனுப்புவார்கள்? பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிப் போட்டுவிட்டு மதர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் அப்பாவோடு மல்லுக்கட்டினாள். அப்பாவுக்கு அக்காள் என்றால் பயம். அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் பிள்ளை நான். எனக்கு விருப்பமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

என்னைக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் அத்தை. வழியில் யாராவது நல்ல காரியத்துக்குப் போவது தெரிந்தால் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஒளிந்து விளையாடுகிறாள் என்று நானும் கூடவே ஒளிவேன். அவள் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். விளையாட இப்படி ஒரு அத்தை யாருக்குக் கிடைக்கும்?

பிள்ளைகள் கொஞ்சம் சேர்ந்ததும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மதர் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கட்டடம் தொடங்கினார். ஆனி பிறந்தால் சாரல் வந்துவிடும். அதற்குள் சுவர் எழும்பி ஓடு போடாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை.

வாசல் நிலை வைக்கிற நாள் வந்தது. ஆசாரி நிலையைப் படுக்கப் போட்டு, மஞ்சளைக் குழைத்துக் கிண்ணத்தில் வைத்தார். சுமங்கலி ஒருத்தி பூசினால்தான் தூக்குவேன் என்றார். வருகிறோம் என்று சொல்லியிருந்த பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்களே தவிர உள்ளே வரவில்லை. என் அம்மாவுக்கு அன்றைக்கென்று தலைவலி. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

மதர் திரும்பி, புளியமரத்தடியில் ஒதுங்கி நின்ற அத்தையைப் பார்த்தார். புத்தகத்தில் படித்த தமிழில் சொன்னார்:

“முதல் பிள்ளையைக் கொண்டுவந்தவர் நீங்கள். நீங்களே வந்து பூசுங்கள்.”

தெரிந்துதான் கூப்பிட்டாரா, தெரியாமல் கூப்பிட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தான் தொடக் கூடாது என்று அத்தை முனகியது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆசாரி மதரிடம் நயமாகத்தான் சொன்னார்.

“அவிய வேண்டாம் மதர். ஊர்ல ஒத்துக்கிட மாட்டாவ.”

மதர் கிண்ணத்தை எடுத்துவந்து அத்தையிடம் நீட்டியபடி நின்றார்.

என் கவலை வேறு. நிலை நின்றால்தான் பொரிகடலை கொடுப்பார்கள். ஓலைப்பெட்டி நிறைய இருந்தது, கருப்பட்டித் துண்டு வேறு. பெரியவர்கள் இப்படியே நின்றுகொண்டிருந்தால் எப்படி? அத்தையின் கையைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் அமுக்கினேன்.

“சீக்கிரம் பூசு அத்தை, எனக்குப் பசிக்கு.”

அத்தை என்னைப் பார்த்தாள். மஞ்சள் கையோடு போய்க் குனிந்து, மேலிருந்து கீழ்வரைக்கும் நிலைக்குப் பூசினாள். பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் பூசினாள். வேலிப்பக்கம் யாரோ சிவ சிவா என்றார்கள்.  ஆசாரி மலைப்பக்கம் மேகத்தைப் பார்த்தார். “ஏலே, தூக்குங்க” என்றார்.

மறுநாள் சில பிள்ளைகள் வரவில்லை. சாரல் முடிவதற்குள் அவர்களும் வந்துவிட்டார்கள், ஓடு போட்ட கட்டடத்தில் எல்லாரும் உட்கார்ந்து படித்தோம்.

ஆனால் நிலை வைத்த அன்று மத்தியானம் அத்தை சாப்பிட உட்காரவில்லை. அம்மா இலை போட்டுக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றாள். ராத்திரியும் அதையே சொன்னாள். எனக்கு ஒரே கோபம். எப்போதும் பிசைந்து ஊட்டிவிடுகிறவள், மஞ்சள் படிந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் என் தலையைத் தடவி, அம்மாவிடம் போய்ச் சாப்பிடச் சொன்னாள். நான் அவசரப்படுத்தியதில் வருத்தம் போலிருக்கிறது என்று, பாவாடையில் முடிந்து வைத்திருந்த பொரிகடலையில் ஒரு பிடி கொண்டுபோய் நீட்டினேன். அதையும் அவள் வாங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கையைக் கழுவ வேண்டுமே என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.