நெய்யாற்றுப் பாறையிடுக்கிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்

அன்பான சபையாரே, ஆற்று வெள்ளம் என் நெஞ்சுவரை ஏறிவிட்டது. கால் பாறையிடுக்கில் மாட்டியிருந்தது. இனி உயிரோடு கரையேறமாட்டேன் என்று நினைத்த இடத்திலிருந்துதான் நான் ஆண்டவரைக் கூப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. பாறசாலைப் பக்கம் வீட்டுக்கு ஒருவன் கல்ஃபுக்குக் கிளம்பிய காலம். எனக்கும் துபாயில் வெல்டர் வேலைக்கு விசா வந்தது. போனால் எப்போது திரும்புவேனோ என்று என் கூட்டாளிகள் மணியனும் ஸ்டீபனும் சனிக்கிழமைதோறும் என்னை எங்காவது கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் திற்பரப்பு அருவி. ஒரு வாரம் குளச்சல் கடற்கரை. கடைசிச் சனிக்கிழமை சைக்கிளில் ஆரியங்கோடு பக்கம் நெய்யாற்றுக்குப் போனோம்.

கொண்டுபோன மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் தின்றுவிட்டு, பாறைக்குப் பாறை தாவி ஆற்றின் நடுவுக்குப் போனோம். என் காலடியில் ஒரு கல் புரண்டது. வலது கால் முட்டுவரை இடுக்கில் இறங்க, புரண்ட கல் அதன்மேல் வந்து அடைத்துக்கொண்டது. முதலில் மூவரும் சிரித்தோம். அவர்கள் என் தோளைப் பிடித்து இழுத்தபோது நான் போட்ட அலறலில் சிரிப்பு நின்றது.

மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள்மேலும் மழை கொட்டியது.

"எலே மக்கா, வெள்ளம் கலங்கி வருதே!" என்றான் மணியன்.

ஸ்டீபன் ஆள் கூப்பிட ஓடினான். சுற்றிலும் ரப்பர் மரங்கள்தான். கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இல்லை. மணியன் என் பின்னால் நின்று, இரண்டு கைகளாலும் என்னைத் தாங்கிக்கொண்டான். இடுப்பளவு தண்ணீர் நெஞ்சளவு ஆனது. நான் அசைய அசையக் கல் இன்னும் இறுகியது.

"நீ கரைக்குப் போலே. உனக்குப் பிள்ள உண்டு," என்றேன்.

"வாய மூடு. உன்ன விட்டுட்டு நான் எங்கலே போவேன்?" என்றவன் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "நான் எனக்க தேவிய விளிச்சாச்சு. நீ உனக்க கர்த்தர விளி."

எத்தனையோ ஜெபங்கள் மனப்பாடமாகத் தெரிந்தவன் நான். ஒன்றும் வாயில் வரவில்லை. "கர்த்தாவே, என்னைத் தூக்கிவிடும். அம்மைக்கு நான் ஒருத்தனாக்கும்" என்று மட்டும் கத்தினேன். திரும்பத் திரும்ப அதையே கத்தினேன். தண்ணீர் தாடையைத் தொட்டது.

அப்போது கரையில் ஸ்டீபனின் குரல் கேட்டது. அவனோடு மூன்று பேர், கையில் நீளமான கடப்பாரைகள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"நாங்க கல்ல நெம்பும்ப நீ கால உருவணும், கேட்டியா? அதுவரைக்கும் அனங்காத, ஆடாத நில்லு!" என்றார் அவர்களில் மூத்தவர்.

கடப்பாரைகள் இடுக்கில் இறங்கின. அலை ஒன்று என் மூக்கை மூடியது. கல் ஒரு விரற்கடை நகர்ந்தது. தோல் கிழியக் காலை உருவினேன்.

கரையில் கிடந்து வாந்தியெடுத்தேன். மூத்தவர் தன் துண்டால் என் காலைக் கட்டினார். "மேல ஒரு கிணறு வெட்டுறோம். மழை பெய்யலேன்னா சாயங்காலம் வரைக்கும் குழிக்குள்ளதான் கிடந்திருப்போம். வேலைய நிறுத்திட்டு வீட்டுக்குப் போற வழியிலதான் இவன் ஓடி வந்தான்," என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. என்னைக் கொல்ல வருகிறது என்று நான் பயந்த அதே மழையால்தான் ஆண்டவர் அந்த மூவரையும் கிணற்றிலிருந்து வெளியே வரவைத்திருக்கிறார். மணியனும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

எலும்பு முறியவில்லை. நொண்டிக்கொண்டே விமானம் ஏறினேன். துபாயில் பாஸ்போர்ட் கம்பெனி கையில். ஒரே அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் நாங்கள். மூச்சு முட்டிய நாட்கள் அநேகம். ஆனால் எனக்குக் கூப்பிடத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் என் கட்டிலில் உட்கார்ந்து ஜெபிப்பேன். பிறகு மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

சபையாரே, உங்களில் யாராவது இன்று அசையமுடியாமல் மாட்டியிருக்கலாம். நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கத்தத்தான் முடியுமென்றால் கத்துங்கள். அவர் காது கேட்கிறவர். நான் அதற்குச் சாட்சி.