ஐவியின் சிரிப்பு இரவல் இல்லை

இங்கிலாந்தில் பர்ன்லி ஊர் நெசவு மில்லில் முப்பத்தொரு வருடம் தறி ஓட்டிய ஐவி ஹாவொர்த், மரியாதைக்காக ஒருநாளும் சிரித்தவள் இல்லை. மேஸ்திரி தன் பழைய கடி ஜோக்கை எடுத்துவிடும்போது தறிக்கூடமே பல்லைக் காட்டும். இவள் மட்டும் உம்மென்று நிற்பாள். அந்தக் கோபத்தில் மேஸ்திரி நல்ல தறிகளை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு இவளுக்கு ஓட்டை உடைசலைத் தள்ளிவிட்டான்.

"சிரிப்பு வர்ற மாதிரி சொல்லட்டும், சிரிக்கிறேன். கேட்டதும் எடுத்து நீட்ட அது என்ன டீயா?" என்றாள் ஐவி.

ஆனால் சிரிக்க ஆரம்பித்தால், பால் பாட்டில் கூடையை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். சிரிப்பு நடிகர் க்ளெம் பார்லோவின் படங்கள் ஓடிய காலத்தில் அவள் சிரிப்பைக் கேட்கவே இரண்டாம் தடவை டிக்கெட் எடுத்தவர்கள் ஊரில் உண்டு. பார்லோவும் பர்ன்லிக்காரர்தான், ஒரு தறிக்காரியின் மகன். அவருக்கு வசனமே வேண்டாம். திறக்க மறுக்கும் ஒரு கதவு போதும், பத்து நிமிடம் கொட்டகையை உருட்டி எடுத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் எழுபத்தோரு வயதில் டிவிக்குத் திரும்பினார். அது 1972. மில் பெண்களுக்கு இலவச டிக்கெட் வந்தது. பஸ் பிடித்து மான்செஸ்டர் போனார்கள். முன்வரிசையில் ஐவி.

படப்பிடிப்புக்கு முன்னால் கட்டம் போட்ட கோட்டுக்காரர் ஒருவர் வந்து, கூட்டத்தைக் கலகலப்பாக்க, குளியல் தொட்டியில் மாட்டிக்கொண்ட பாதிரியார் கதையைச் சொன்னார். கதை நன்றாக இருந்தது. ஐவி வயிறு குலுங்கச் சிரித்தாள். தலைக்கு மேல் மைக் தொங்கியதை அவள் கவனிக்கவில்லை.

பிறகு பார்லோ வந்தார். வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் கிழவர் வேடம். கூடவே ஒரு பஞ்சடைத்த கிளி. ஜோக் எல்லாம் கிளிக்கு! இவர் அதற்கு முழிக்க வேண்டுமாம். கிளி மாமியாரைப் பற்றி என்னவோ சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை. பார்லோ இந்தப் பக்கம் திரும்பி, உதட்டை அகல இழுத்து, சத்தமில்லாமல் வாயசைத்தார்: 'என்ன கண்றாவிடா இது.'

அது தறிக்கூடப் பேச்சு. நூற்றுக்கணக்கான தறிகள் இரைகிற இடத்தில் யார் குரல் யாருக்குக் கேட்கும்? வாயசைவிலேயே பேசி, வாயசைவிலேயே சண்டை போட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கேமராக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசைப் பெண்களுக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. கிளி வாயைத் திறந்ததும் ஐவி விழுந்து விழுந்து சிரித்தாள். சோபாவில் இருந்த ஐவி அல்ல, பெட்டிக்குள் இருந்த ஐவி.

அவள் புருஷன் ஸ்டான்லி, பஸ் டிரைவர், டீக்கோப்பையைக் கீழே வைத்தான். "ஏம்மா, அது உன் சிரிப்புல்ல?"

"என் சிரிப்புதான்யா! ஆனா அது பாதிரியாருக்குச் சிரிச்சது. வெட்டியெடுத்துக் கிளிக்கு ஒட்டிட்டானுங்க, களவாணிப் பசங்க!"

மறுநாள் தறிக்கூடத்தில் பெஸ்ஸி இரண்டு தறி தள்ளி நின்று வாயசைத்தாள்: 'கிளிக்கு மூணு தடவ சிரிச்சியாமே? அப்ப மேஸ்திரி என்னடி பாவம் பண்ணான்?' போதாக்குறைக்கு மேஸ்திரியே தேநீர் வேளையில் வந்து, தன் பழைய ஜோக்கைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்து நின்றான். முப்பத்தொரு வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரு செத்த கிளியால் போயிற்று. டிவிக்காரர்களுக்குக் காரசாரமாகக் கடிதம் போட்டாள். பதிலுக்குக் கிளியின் போட்டோ வந்தது, கையெழுத்தோடு.

பத்திரிகைகள் நிகழ்ச்சியைக் கிழித்துத் தோரணம் கட்டின. பன்னிரண்டு வாரம் என்று ஆரம்பித்ததை ஆறோடு நிறுத்தினார்கள். கடைசிப் படப்பிடிப்புக்கு ஐவி மறுபடி போனாள். பாதிரியார் கதை வந்தபோது கழுத்துத் துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பார்லோ மேடைக்கு வந்ததும் எழுந்து நின்று வாயசைத்தாள்.

'அண்ணே, நான் பர்ன்லி ஐவி. உங்க கிளிக்கு நான் சிரிக்கவே இல்ல. ஒட்டுச் சிரிப்பு அது.'

பார்லோவின் புருவம் ஏறியது. 'தெரியும் தாயி. நானுந்தான் சிரிக்கல.'

'தெரிஞ்சா சும்மாவா இருப்பீங்க? பர்ன்லிக்காரர்தானே நீங்க?'

"உட்காருங்கம்மா!" என்று டைரக்டர் கத்தினார். உட்கார்ந்தாள்.

கிளி ஜோக் முடிந்ததும் பத்து விநாடி வெறுமனே விடுவது வழக்கம், பிற்பாடு சிரிப்பு ஒட்டுவதற்காக. அந்தப் பத்து விநாடியில் பார்லோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, மேடையோரத்துக் கேமராவைப் பார்த்து என்னவோ செய்தார். ஐவிக்குத் தெரிந்தது பிடரி மட்டும்தான். "முகச்சேட்டை பிரமாதம் சார், அப்படியே வெச்சுக்கலாம்" என்றார் டைரக்டர். இவ்வளவுதானா என்று ஐவி வெந்துகொண்டே வீடு திரும்பினாள்.

வியாழக்கிழமை பெஸ்ஸியோடு ஆறு பெண்கள் ஐவி வீட்டில் கூடினார்கள். கிளி பேசியது. திருட்டுச் சிரிப்பு கிளம்பியது. திரை முழுக்க பார்லோவின் முகம். உதடுகள் அகல அகல விரிந்தன, சத்தமே இல்லை:

'பொண்ணுங்களா, இங்க ஒருத்தரும் சிரிக்கல. இது ஐவிகிட்ட திருடுன சிரிப்பு. எனக்கும் வேணாம். பொட்டிய அணைங்க.'

"என்னத்துக்கு இப்படி வாயைக் கோணுறாரு?" என்றான் ஸ்டான்லி. பதில் சொல்ல அங்கே யாருக்கும் மூச்சு இல்லை. ஐவி சிரித்தாள். பெட்டிக்குள் இருந்த ஐவி ஓய்ந்த பிறகும், கண்ணீர் வழிய, சோபாக் கையைக் குத்திக் குத்திச் சிரித்தாள். பிறகு எழுந்துபோய் டிவியை அணைத்தாள். தெருவில் எதிர்வரிசை ஜன்னல்களிலும் நீல வெளிச்சம் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தது.

மறுநாள் தேநீர் வேளையில் மேஸ்திரி வந்து தன் ஜோக்கைச் சொன்னான். ஐவி உம்மென்று நின்றாள். பெஸ்ஸியும் நின்றாள். அன்றைக்குக் கூடத்தில் ஒருத்திகூடப் பல்லைக் காட்டவில்லை.