சீனப் படங்களும் பார்வதி அக்காவின் விரல்களும்

இல்லை, அந்தப் படங்களைப் பார்த்து அவர் அழவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் கேட்கிறது.

சென்னை விடுதிக்கு அம்மாவின் கார்டு வந்தது. மூலையில் கறுப்பு மை. "பார்வதி போய்விட்டாள். நாலு நாள் காய்ச்சல்." அவ்வளவுதான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறிக்குப் பட்டுநூல் சுற்றிக் கொடுத்த பார்வதி அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். இருபது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். வந்த புதிதில் பட்டிழை அவற்றில் சிக்கிச் சிக்கி அறுந்தது.

"இன்னாமா, வெரலா அது, அரமா?" என்றார் அம்மா.

"தோட்டத்து அரந்தாங்க. வரும்போது திருப்பிக் குடுக்க மறந்துட்டேன்."

அன்றிலிருந்து விரல்களில் தேங்காயெண்ணெய் தேய்த்து ஊறவைப்பார். நூலைத் தொடுமுன் சீயக்காய் போட்டுக் கழுவுவார். மூன்று மாதத்தில் இழை அறுவது நின்றது.

ஐரோப்பியர் வாங்குவதற்காகச் சீன ஓவியர்கள் வரைந்த தேயிலைப் படங்களைப் பற்றியது என் ஆய்வு. விடுமுறையில் நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். மலை, பனி. நடுகிறார்கள், பறிக்கிறார்கள், வறுக்கிறார்கள், பெட்டியில் மிதித்து அடைக்கிறார்கள். ஒருவர் உடையிலும் அழுக்கில்லை. பறிப்பவளின் மெல்லிய விரல்களுக்குப் பக்கத்தில் அக்கா தன் கையை வைத்துப் பார்த்தார். எண்ணெய்க் கை. வெடுக்கென்று புத்தகத்தை இழுத்துக்கொண்டேன்.

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

சங்கடத்தை மறைக்க, என் ஆய்வில் எழுதியிருந்த வரியை வாசித்துக் காட்டினேன்: "இப்படங்களில் உழைப்பு நடனமாகிறது."

அப்போதுதான் சிரித்தார். "யாரு புள்ள ஆடுனது? கால்ல அட்டைப்பூச்சி ஏறுனா ஆடுவோம்."

"படத்துல அட்டையே இல்லியேக்கா."

"எப்படி இருக்கும்? குடிக்கிறவன் பாக்கறதுக்கு வரைஞ்சது. அவன் கோப்பையில கொண்டுபோய் அட்டையப் போடுவாங்களா?" சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னார்: "நீயாவது போடு."

"அடுத்த லீவுக்குள்ள மாத்திடறேன்கா" என்றேன். மாற்றவில்லை. அந்த வரி பேராசிரியருக்குப் பிடித்திருந்தது. எனக்கும்.

பறிப்பவளின் படத்தில், ஓரமாக, ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. ரேகை தெரியவில்லை. தேய்ந்த விரல். புத்தகம் நூலகத்துக்குப் போய்விடும். எனக்கென்று மிஞ்சுவது அந்த "நீயாவது" மட்டும்.

கார்டை மடித்து வைத்தேன். நடன வரியைக் கோடு போட்டு அடித்தேன். "இந்தப் படங்களில் அட்டைப்பூச்சி இல்லை என்று, இலங்கையில் இருபது வருடம் கொழுந்து பறித்த பார்வதி சொன்னார்" என்று எழுதினேன். தட்டச்சுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன்.