பின்னங்கால்

என் நாத்தனாரை வீட்டில் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போவதற்கு வெகுகாலம் முன்பே, அவள் ஒல்லி உடம்பைப் பார்த்து என் கணவர் வைத்த பேர் அது. படிப்பு முடிந்து, குதிரைகளையும் மற்ற பிராணிகளையும் பார்க்கும் ஒரு மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, அது எங்கள் வீட்டிலிருந்து பக்கம் என்பதால் எங்களோடு வந்து தங்கினாள்.

"ஆடு மாடு பார்த்தாலாவது பிழைச்சுக்கலாம். குதிரைக்கு எங்க போவ?" என்றார் அவள் அண்ணன்.

"குதிரை இருக்கிற இடத்துக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

அந்த மருத்துவமனையை இரண்டு பேர் நடத்தினார்கள். குதிரைகளைப் பார்த்தது ஒரு அம்மாள், குதிரை டாக்டர். கூட்டாளியாக இருந்தவர் நாய், பூனை, ஆடு, மாடு, ஒருமுறை ஒரு ஆமை வரை எல்லாவற்றையும் பார்த்தார். ஆனாலும் எல்லோருக்கும் அவர் "மற்ற டாக்டர்"தான். அவரே போனை எடுத்து "மற்ற டாக்டர் பேசறேன்" என்பார். பயிற்சிக்கு வந்தவர்கள் இருவரிடமும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். ஊசி மற்ற டாக்டரின் வாரங்களைக் கடனே என்று கழித்தாள். குதிரை வாரம் வந்தால் அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து குளித்திருப்பாள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அடிபட்டது. ஒரு பெண் குதிரையின் பின்னங்கால் கட்டைப் பிரிக்கக் குனிந்திருக்கிறாள். வெளியே காற்றில் ஒரு தகரக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குதிரை மிரண்டு உதைத்தது. சாதுவான குதிரைதான், அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊசி லாயத்தின் சுவரில் மோதி விழுந்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற காறை எலும்பு முறிந்துவிட்டது.

கையை மடக்கிக் கழுத்தோடு கட்டி அனுப்பினார்கள். ஊரிலிருந்து மாமியார் போனில் அழுதார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடச் சொன்னார். இவள், "எலும்புதானேம்மா, கூடிடும்" என்று சொல்லி என்னிடம் போனைத் தந்துவிட்டாள். ஒரு கையால் தலை பின்ன முடியாது. எனக்குக் கண்ணாடிக் கடையில் மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் அவளுக்குத் தலை வாரி, வண்டியில் மருத்துவமனையில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பாயிற்று.

ஒருநாள் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னாள்: "அண்ணி, நேத்து சும்மா லாயத்துப் பக்கம் போனேன். வாசல்லயே நின்னுட்டேன். கால் நகரவே இல்லை."

 சீப்பு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை.

கை கட்டியிருந்ததால் அவளுக்குச் செய்ய வேலை இல்லை. குதிரை டாக்டர் முற்றத்து ஓரம் ஒரு பெஞ்சைக் காட்டி, அங்கே உட்கார்ந்து போன் அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நொண்டுகிற குதிரைகளை அந்த முற்றத்தில்தான் நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்ப்பார்கள். ஊசி அவற்றைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டு டிவியில் மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். என் சீரியல் நேரம் முழுக்கக் குதிரைகளின் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"இடுப்பைப் பாருங்க அண்ணி. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறுதா?"

முதலில் எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. கொஞ்சநாள் போனதும் கடைத்தெருவில் முன்னால் நடக்கிறவர்களின் இடுப்பைக்கூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கணவர் என்னை முறைத்தார்.

எலும்பு கூடியது. கட்டைப் பிரித்த பிறகு அவள் மற்ற டாக்டரையே ஒட்டிக்கொண்டாள். பூனைகளுக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்தாள், ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டாள். தானாகவே கேட்டு வாங்கிச் செய்தாள். "என்னடா, குதிரைப் பைத்தியம் தெளிஞ்சுடுச்சா?" என்று அவள் அண்ணன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு காலை, சவாரிப் பள்ளி நடத்தும் பெண்மணி ஒரு பழுப்புக் குதிரையை இரண்டாம் நாளாகக் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளைகள் ஏறிப் பழகும் குதிரை. ஓடும்போது தலையை ஆட்டி ஆட்டி ஓடியது. இடது முன்னங்கால் வலிக்கிற மாதிரி. குதிரை டாக்டர் அந்தக் காலில் கீழிருந்து மேலாக மரத்துப்போகும் ஊசிகள் போட்டு முந்தின நாளே பார்த்துவிட்டார். கால் மரத்தும் நொண்டல் போகவில்லை. மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே இது பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னா சொல்லிடுங்க" என்றார் அந்தப் பெண்மணி. "நான் வேற முடிவு எடுக்கணும்."

வழக்கம்போல அவளைக் கொண்டுவந்து விட்ட நான், வண்டியை நிறுத்திவிட்டு பெஞ்சருகே நின்றிருந்தேன். ஊசி, பூனைக் கூண்டோடு முற்றத்தைக் கடந்து போனவள், நின்று பார்த்தாள். கூண்டைக் கீழே வைத்தாள்.

"டாக்டர், இது முன்னங்கால் இல்லைன்னு நினைக்கிறேன்."

"பின்ன?"

"அதே பக்கத்துப் பின்னங்கால். அங்க பாரம் குறைக்கத்தான் தலையை முன்னால சாய்க்குது. இடுப்பைப் பாருங்க, இடது பக்கம் தூக்கித் தூக்கிப் போடுது."

குதிரை டாக்டர் இன்னொருமுறை ஓடவிட்டுப் பார்த்தார். எனக்கே தெரிந்தது, டிவியில் அவ்வளவு பார்த்திருக்கிறேன்.

"நான் தலையவே பார்த்துட்டிருந்துட்டேன்" என்றார் டாக்டர். "சரி, மடக்கிப் பார்த்துடலாம். வா, காலைத் தூக்கிப் பிடி."

பின்னங்காலை மடக்கி ஒரு நிமிடம் போலப் பிடித்திருந்து, விட்ட கையோடு ஓடவிட வேண்டும். நடுமூட்டில் வலி இருந்தால் நொண்டல் கூடிவிடும். அதற்குக் குதிரையின் பின்னால் போய்க் குனிய வேண்டும்.

ஊசி நகரவில்லை. பிறகு, குதிரைக்காரப் பெண்மணிக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "அடிபட்டதிலேர்ந்து நான் எந்தக் குதிரைக்குப் பின்னாலயும் போகலை டாக்டர். பயமா இருக்கு."

"தெரியும்" என்றார் டாக்டர். "பூனை ஆபரேஷனுக்கு இவ்வளவு ஆசைப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. நான் பிடிக்கவா?"

அவள் யோசித்தாள். "இல்லை, நானே பிடிக்கிறேன். கொஞ்சம் நேரம் குடுங்க."

குதிரையின் கழுத்தில் கை வைத்தாள். அதனிடம் ஏதோ பேசினாள். பூனையைப் பற்றித்தான் என்று பிறகு சொன்னாள். கையை எடுக்காமலே முதுகு, இடுப்பு, தொடை என்று மெல்ல இறங்கினாள். உடம்பை ஒட்டியே நின்றாள். முழங்காலருகே கை நின்றுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. குதிரை வாலை ஒருமுறை வீசியது. அவள் பின்வாங்கி, மறுபடி கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை குதிரை காலைத் தூக்கக் கொடுத்தது. குளம்பைத் தாங்கி மடக்கிப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"விடு" என்றார் டாக்டர்.

ஓடவிட்டதும் குதிரை நாலு எட்டு நன்றாகவே நொண்டியது. மூட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டபின் ஓடவிட்டார்கள், தலையாட்டம் நின்றுபோயிருந்தது. மூட்டுத் தேய்மானம், மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் முன்போலத் தடைகளைத் தாண்டவிடக் கூடாது என்றார் டாக்டர்.

"நடக்கலாம் இல்ல?" என்றார் பெண்மணி. "அது போதும். என் பிள்ளைங்களுக்கு நடந்தாலே பெரிசு." குதிரையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

சாயங்காலம் கடை முடிந்து நான் கூட்டிவரப் போய், அவள் வண்டியில் ஏறியபோது ஊசியின் சட்டை முழுக்கக் குதிரை முடி. "பயம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"எங்க? அப்படியேதான் இருக்கு" என்றாள். "ஆனா நீங்க ஏன் அங்க பெஞ்சைப் பிடிச்சுட்டு நின்னீங்க? உங்களையா உதைக்க வந்துது?"

அன்று ராத்திரி அவளே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.  மறுநாள் அவர்தான் அவளைக் கொண்டுபோய் விட்டார்.

அந்த வருடம் முடிந்ததும் ஊசி தூரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மாடுகள் அதிகம், பூனைகள் அதைவிட அதிகம், குதிரை எப்போதாவதுதான். முதலில் மனம் ஒட்டவில்லை என்றாள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. குளிரில் தோள் வலிக்கிறதாம். குதிரையின் பின்னால் போவதற்கு முன் இன்னமும் கழுத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறாளாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிடுகிறாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். பால் குடிக்க மறுக்கிற ஒரு பன்றிக்குட்டியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். "அப்புறம் பேசறேன் அண்ணி" என்று வைத்துவிட்டாள்.