நடு முடிச்சு

செயற்கைக்கோளுக்கும் சட்டை உண்டு என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். வெயில் பட்ட பக்கம் அடுப்பாகவும் படாத பக்கம் பனிக்கட்டியாகவும் கிடக்கும் இடத்துக்கு அதை வெற்றுடம்போடு அனுப்ப முடியுமா? தங்க நிறத் தாளையும் மெல்லிய வலையையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஓரம் மடித்துத் தைத்து, ஒரு போர்வை போர்த்தித்தான் அனுப்புவார்கள். அந்தப் போர்வை தைக்கிறவள்தான் ஆமை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. தையல் கூடத்தில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. ஊசியை அவ்வளவு நிதானமாக இழுப்பாள்.

நீளமான போர்வை என்றால் இரண்டு பேர் தைக்க வேண்டும். ஆளுக்கொரு முனையில் தொடங்கி நடுவில் வந்து சேருவார்கள். சேர்ந்த இடத்தில் இரண்டு நூலையும் இழுத்து இரண்டு பேருமாக ஒரே முடிச்சாகப் போடுவார்கள். அதுதான் நடு முடிச்சு. அது விழுந்த கையோடு மேற்பார்வையாளர் வந்து போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அடுத்த போர்வைக்கு யாரோடு யார் என்பது அவர் வாய்க்கு வந்தபடி.

இளவயதில் அவளுக்கு எதிர்முனையில் பெரும்பாலும் உட்கார்ந்தவர் புயல். ஆமை கால்பங்கு தாண்டுவதற்குள் புயல் நடுவுக்கே வந்து, ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கைகட்டிக் காத்திருப்பார். தலையில் உறை, கையில் உறை, வாயில் முகமூடி. கண் மட்டும்தான் தெரியும். பேச்சும் கூடாது, எச்சில் தெறித்தால் போர்வை வீண். அந்தக் கண் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆமைக்குத் தெரியும். ஆனாலும் குனிந்த தலை நிமிராது. அவள் அவரை விரும்பினாள். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. விரும்பினாள், சொல்லவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதிக் கதை இப்படித்தானே இருக்கிறது?

ஒரு நாள் புயலுக்குக் கல்யாணம் ஆயிற்று. கொஞ்ச நாளில் கடல் தாண்டி, படகுப் பாய் தைக்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது கூடத்தில் எல்லாருக்கும் பொதுவாக, "ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். வருஷங்கள் ஓடின. அந்த 'ஏதாவது' மட்டும் நடக்கவே இல்லை. பொய்யாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவும் ஆமைக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

அவர்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து தைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு போன செயற்கைக்கோள், வேலை முடிந்து எப்போதோ செத்துவிட்டது. செத்தாலும் சுற்றுவது நிற்குமா? கட்டுப்பாடில்லாமல் உருண்டு உருண்டு போனதில் போர்வையின் பக்கங்களில் வெயில் பட்டுப் பட்டு மறையும். சில சாயங்காலங்களில், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், அது மினுக்கி மினுக்கித் தலைக்கு மேலே போகும். ஆமை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் நின்று பார்ப்பாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தங்கை, பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறவள், துணி எடுக்க வரும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பாள்.

"கொக்கு மாதிரி நிக்காதேக்கா. கழுத்து சுளுக்கிக்கிட்டா எங்க டாக்டர் பல்லைத்தான் புடுங்குவாரு."

போன வருஷம் மேலே ஒரு விபத்து நடந்தது. செத்த கோள் ஒன்றும் உயிருள்ள கோள் ஒன்றும் முட்டிக்கொண்டன. இரண்டு இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள். துப்பாக்கிக் குண்டுக்கு மேலான வேகம், பிடிக்க ஆளில்லை, தானாக நிற்கவும் நிற்காது. ஒரு துண்டு இன்னொரு கோளில் பட்டால் அதுவும் ஆயிரம் துண்டு. இப்படியே போனால் வானத்துக்கு ஓர் ஆணியைக்கூட அனுப்ப முடியாது. அள்ள வேண்டும் என்று எல்லா நாடும் சொல்லிக்கொண்டிருந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதில்தான் இழுபறி. கடைசியில் ஆமை வேலை செய்யும் நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஒரு பிடிகலம் செய்து அனுப்பி, பெரிய செத்த கோள் ஒன்றைக் கட்டிப் பிடித்து, ஆளில்லாத கடலுக்கு மேலே இழுத்து வந்து எரித்துவிடுவது என்று முடிவாயிற்று.

எந்தக் கோள் என்று கேட்க வேண்டுமா?

பிடிகலத்துக்கான போர்வை ஆமையின் மேஜைக்கே வந்தது. மறுக்க நினைத்தாள். ஆனால் அந்தக் கோள் இரண்டு தடவை மயிரிழையில் மற்றவற்றை உரசாமல் போயிருந்தது. தன் தையலே ஊருக்கு எமனாக வேண்டாம் என்று ஊசியில் நூல் கோத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பிடிகலம் மேலே போய்க் கோளைப் பிடித்தும்விட்டது. கண்காணிப்பு அறைப் பொறியாளர் தேநீர் வாங்க வந்தபோது ஆமை கேட்டாள்:

"இங்கிருந்து தெரியுமாம்மா, எரியறது?"

"நாளைக்கு மதியம்தான் எரியும், இங்க அப்ப பட்டப்பகல்க்கா. ஒண்ணும் தெரியாது." பொறியாளர் போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். "இதோ இந்தக் கரையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். அவங்களுக்கு அப்ப பொழுது சாயற நேரம். கொடுத்து வச்சவங்க."

புயல் இருக்கும் கரை அது. அவரிடம் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லாவிட்டால் அந்த நேரத்தில் அவர் ஏதாவது கிழிந்த பாயைக் குனிந்து தைத்துக்கொண்டிருப்பார். இருவருமாகத் தைத்ததில் எரிந்து விழாமல் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அது போவதை இரண்டு பேரில் ஒருவராவது பார்க்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"இத்தனை வருஷமா 'ஏதாவது' வரலை, 'ஏதாவது' வரலைன்னே," என்றாள் தங்கை. "இப்ப வானமே விழுது. இதுக்கு மேல உனக்கு என்னக்கா வேணும்? நீ கூப்பிடலேன்னா நான் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அந்தப் பயமுறுத்தல் வேலை செய்தது. மறுநாள் மதியம் ஆமை கூடத்துக்கு வெளியே, காலணி அடுக்கும் பலகையில் உட்கார்ந்து கூப்பிட்டாள். தொண்டையைச் செருமினாள்.

"ஆமையா?" என்றது அந்தப் பக்கம்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு செருமலில் கண்டுபிடித்துவிட்டார். அவள் கண் கலங்கிவிட்டது. அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னாள்.

"எந்தக் கோளு?" என்றார் புயல்.

மறந்துவிட்டார். தலைப்பக்கம் வளைவாக இருக்குமே, ஓரம் மடிக்க வராமல் படுத்தியதே என்று அவள் அடையாளம் சொல்லச் சொல்ல, "எத்தனையோ தைச்சோம்... நினைவில்லைங்க" என்று சங்கடப்பட்டார். ஆமைக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. ஆனால் நேரம் நெருங்கிவிட்டது.

"பரவால்ல. வெளிய போய் நில்லுங்க. மேக்கால பாருங்க."

கதவு திறக்கும் ஓசை, பிறகு காற்று, அலை. அவள் எதிரே மதிய வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் காணோமே... இருங்க. அம்மாடி! வருது, வருதுங்க! ஒண்ணு இல்ல, நிறைய. வாலு வாலா, தங்கக் கலர்ல. முன்னால ஒண்ணு பெருசா போகுது, அதுலேர்ந்து பிச்சுக்கிட்டு வருது சின்னச் சின்னதா... சத்தமே இல்லைங்க." குரல் தணிந்தது. "போச்சு. கடல் பக்கம் போயிருச்சு."

ஆமை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கோளு நினைவில்லைங்க," என்றார் புயல். "நடுவுல வந்து உக்காந்திருந்தது நினைவிருக்கு. நீங்க நிமிர்ந்தே பார்க்க மாட்டீங்க. வேணும்னே மெதுவா தைக்கிறாப்ல இருக்கும். நம்மகிட்ட வந்து சேரப் பிடிக்கலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

"சேர்ந்துட்டா முடிச்சுப் போடணுமே," என்றாள். "போட்டா சுருட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்களே. அதான் மெதுவா தைச்சேன்."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு பெண்குரல், "யாருங்க போன்ல? சாப்பாடு ஆறுது."

"இதோ வரேன்," என்று அந்தக் குரலுக்குச் சொல்லிவிட்டு, "அப்ப... வச்சிரட்டுங்களா?" என்றார்.

"ஒண்ணு ரெண்டு துண்டு பின்னால வரும்," என்றாள் ஆமை. "கொஞ்ச நேரம் நின்னு பாருங்களேன்."

இனி ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"சரி," என்றார் புயல். "நிக்கிறேன்."